முதல் கேள்வியே பெயர்தான்

‘ப’ என்ற எழுத்தைச் சொல்ல இரண்டு உதடும் ஒட்ட வேண்டும்; உள்ளே காற்று சேர வேண்டும்; பிறகு உதடு பிரிய வேண்டும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிற வேலை. பார்த்திபன் என்ற பெயருள்ள ஓர் இளைஞர் நேர்முகத் தேர்வு அறைக்குள் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே மூன்று பேர். நடுவில் இருப்பவர் கோப்பைப் புரட்டியபடியே, “உங்க பேரு?” என்கிறார். உதடு ஒட்டுகிறது. காற்றும் சேர்ந்துவிட்டது. உதடு மட்டும் பிரிய மறுக்கிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. கண் மேசைப் பக்கம் தாழ்கிறது. இரண்டு நொடி, மூன்று நொடி. ஓரத்தில் இருப்பவர் சிரித்த முகத்துடன், “என்ன தம்பி, பேரு மறந்துடுச்சா?” என்கிறார்.

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அறையின் இறுக்கத்தைத் தளர்த்தத்தான் பார்த்தார். ஆனால் திக்கிப் பேசுகிறவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். பள்ளிச் சேர்க்கையில் தொடங்கி வங்கிக் கவுன்டர் வரை இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் எத்தனையோ பேர். சொந்தப் பெயரைச் சொல்வதுதான் அவர்களில் பலருக்கும் ஆகக் கடினமான காரியம். மற்ற சொற்களுக்கு மாற்றுச் சொல் உண்டு. ‘பணி’ வராவிட்டால் ‘வேலை’ என்று சொல்லிவிடலாம். ‘பிறகு’ சிக்கினால் ‘அப்புறம்’ இருக்கிறது. திக்கிப் பேசுகிறவர்கள் சிறு வயதிலேயே நடமாடும் நிகண்டுகளாகிவிடுகிறார்கள். வாக்கியத்தைத் தொடங்கும்போதே, நாலு சொல் தள்ளி நிற்கிற ஆபத்தை மோப்பம் பிடித்து வழியை மாற்றிக்கொள்வார்கள். பெயருக்கு அந்த வசதி கிடையாது. அதைச் சொல்லத் தயங்கினால் உலகம் பொறுத்துக்கொள்வதும் இல்லை.

இப்படி வழி மாற்றிக்கொண்டே இருப்பதற்கு ஒரு விலை உண்டு. கிண்டியிலிருந்து பல்லாவரம் போக வேண்டியவர் நடத்துநரிடம் ‘குரோம்பேட்டை’ என்று டிக்கெட் கேட்பார். ஒரு நிறுத்தத்துக்கு அதிகமாகக் காசு கொடுத்துவிட்டுப் பல்லாவரத்திலேயே இறங்கிக்கொள்வார். ஹோட்டலில் பொங்கல் சாப்பிட ஆசைப்பட்டவர் இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவார். இதெல்லாம் சில்லறைச் செலவு. நேர்முகத் தேர்வில்தான் விலை பெரிதாகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியும். பதிலின் முதல் சொல் மட்டும் வராது என்று உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடும். “தெரியலை சார்” என்பது சுலபமாக வந்துவிடும். அதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். தேர்வுக் குழுவின் தாளில் அது அறிவுக் குறைவாகப் பதிவாகும். திக்கல் என்று யாரும் எழுதிவைக்க மாட்டார்கள்.

நான் இந்தக் கட்டுரையில் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். நேர்முகத் தேர்வில் ஒருவரைப் பின்னுக்குத் தள்ளுவது திக்கலைக் காட்டிலும், அதை மறைக்க அவர் படுகிற பாடு.

திக்குவாய் என்ற சொல்லைத் தவிர்க்கிறேன். கொன்னை, தெற்றுவாய் என்றும் சொல்வதுண்டு. ஒரு மனிதரை வெறும் வாயாகக் குறுக்கிவிடுகிற சொற்கள் வேண்டாம் என்று தோன்றுகிறது. திக்கல் என்பது பேச்சில் நிகழ்வது. அது மூன்று விதமாக வரும். முதல் ஒலி திரும்பத் திரும்ப வருவது ஒன்று: ‘ப-ப-பார்த்திபன்’. ஒலி நீண்டுகொண்டே போவது இன்னொன்று: ‘ஸ்ஸ்ஸ்ரீதர்’. மூன்றாவது, ஒலியே வராமல் அடைத்து நிற்பது. கேட்பவருக்கு அது வெறும் மௌனமாகப் படும். சொல்பவருக்கு அந்த மௌனத்துக்குள் பெரிய போராட்டமே நடந்துகொண்டிருக்கும்.

ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியம் பிறப்பியல் என்று தனி இயலாகவே பேசுகிறது. உந்தியிலிருந்து எழுகிற காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைகொண்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் முயற்சியால் வெவ்வேறு எழுத்துகளாகிறது என்பது அதன் விளக்கம். இந்த உறுப்புகளில் எதிலும் திக்கிப் பேசுபவருக்குக் குறை இல்லை. நாக்கும் உதடும் குரல்வளையும் நன்றாகவே இருக்கின்றன. எது, எப்போது, எதற்கு அடுத்து அசைய வேண்டும் என்ற தாளக் கட்டளை மூளையிலிருந்து உரிய நேரத்தில் வந்து சேர்வதில்தான் சிக்கல். சாதாரணப் பேச்சில் நொடிக்கு நாலைந்து அசைகள் ஓடுகின்றன. ஒவ்வோர் அசைக்கும் மூச்சு, குரல், வாய் மூன்றும் ஒரே கணத்தில் கைகோக்க வேண்டும். ஒரு கட்டளை சற்றே பிந்தினாலும் வரிசை நின்றுவிடும்.

2002இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். மூளையின் இடப் பக்கத்தில் நாக்கையும் குரல்வளையையும் இயக்குகிற பகுதிக்குச் சற்றுக் கீழே ஓடும் நரம்பிழைக் கற்றை, திக்கிப் பேசுபவர்களிடம் வேறு மாதிரி அமைந்திருப்பதை ஸ்கேன் படங்களில் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகள் இன்னொரு பகுதியையும் சுட்டுகின்றன. மூளையின் ஆழத்தில் இருந்துகொண்டு, நாம் யோசிக்காமலே அடுத்தடுத்த அசைவுகளைத் தொடங்கி வைக்கும் பேசல் கேங்லியா அது. மரபும் இதில் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த குழு, பாகிஸ்தானில் தலைமுறை தலைமுறையாகத் திக்கல் தொடரும் குடும்பங்களை ஆராய்ந்து, 2010இல் அதனுடன் தொடர்புடைய மூன்று மரபணுக்களை அறிவித்தது. செல்லின் கழிவைக் கையாளும் லைசோசோம் என்ற நுண்ணுறுப்புக்கு நொதிகளை அனுப்பிவைக்கும் வேலையில் ஈடுபடுபவை அவை. அந்த வேலைக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பை விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், நூறில் ஐந்து குழந்தைகளாவது ஒரு காலகட்டத்தில் திக்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தானே போய்விடுகிறது. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு நிலைத்துவிடுகிறது; அவர்களில் பெண்களைவிட ஆண்கள் நாலு மடங்கு. ஓர் ஆண்டில் ஆயிரம் பேரை நேர்கண்டு தேர்ந்தெடுக்கும் நிறுவனத்தின் வாசலுக்குப் பத்துப் பேராவது இப்படி வந்திருக்க வேண்டும். வந்தார்களா, விண்ணப்பத்தையே போடாமல் இருந்துவிட்டார்களா என்பது வேறு கேள்வி.

“பயந்தாங்கொள்ளி, அதான் திக்குறான்” என்பது நம் ஊரில் பழகிப்போன பேச்சு. பயத்தால் திக்கல் பிறப்பதில்லை. ஆனால் எதிரே ஆள் இருப்பது அதைக் கூட்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்திலிருந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மறக்காது. திக்கிப் பேசும் பெரியவர்களை, யாரும் கேட்கவில்லை என்று அவர்கள் உறுதியாக நம்பும் சூழலில், தமக்குத் தாமே பேசும்படி செய்து பதிவு செய்தார்கள். திக்கல் அநேகமாகக் காணாமல் போயிருந்தது. நாலு பேருடன் சேர்ந்து ஒரே குரலில் வாசித்தாலும், பாடினாலும் பெரும்பாலும் அப்படித்தான். கோயிலில் தேவாரத்தைத் தடையின்றிப் பாடுகிற பையன் வாசலில் செருப்புக் கடைக்காரரிடம் டோக்கன் எண்ணைச் சொல்லத் திணறுவதை ‘நடிக்கிறான்’ என்று எண்ணிவிடக் கூடாது. பாட்டில் தாளம் வெளியிலிருந்து வருகிறது. பேச்சில் அவனே அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அறைக்கண்ணாடி முன்னால் அழகாகப் பதில் சொன்னவருக்குத் தேர்வுக் குழுவின் முன்னால் வாய் அடைப்பதும் இதனால்தான். அவர் தயாரிப்பில் குறை இல்லை. தனியறையில் மட்டும் பயிற்சி செய்தால் போதாது என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

திக்கலை வாயின் குற்றமாகவே பார்த்ததால் வைத்தியமும் வாய்க்கே நடந்தது. குழந்தையின் நாக்கில் வசம்பைத் தடவுவது நம் வழக்கம். வாயில் கூழாங்கல்லை அடக்கிப் பேசிப் பழகினார் என்று கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிசைப் பற்றிச் சொல்கிறார்கள். 1841இல் பெர்லினில் டீஃபென்பாக் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் திக்கலைப் போக்குவதற்காக நோயாளிகளின் நாக்கிலிருந்து ஆப்பு வடிவத்தில் சதையையே வெட்டி எடுத்தார். மயக்க மருந்து பழக்கத்துக்கு வராத காலம் அது.

நாக்கை வெட்டுவதைவிடக் குரூரமான ஒன்று, சொற்களாலேயே நடந்தது. 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டாவன்போர்ட் என்ற ஊரின் அநாதை இல்லத்துக் குழந்தைகள் 22 பேரை ஓர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். வெண்டெல் ஜான்சன் என்ற பேராசிரியரின் மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற மாணவி அதை நடத்தினார். ஜான்சனே திக்கிப் பேசியவர். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம், “உனக்குத் திக்கல் வருகிறது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே” என்ற பொருளில் மாதக்கணக்கில் சொல்லிவந்தார்கள். அந்தக் குழந்தைகள் நிரந்தரத் திக்கலைப் பெற்றார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வாயை மூடிக்கொண்டார்கள். வகுப்பில் பதில் சொல்வதை நிறுத்தினார்கள், ஒதுங்கினார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இது வெளியே தெரியாமல் இருந்தது. 2001இல் ஜான்சன் பணிபுரிந்த பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் மாநில அரசு 9,25,000 டாலர் இழப்பீடு கொடுத்து வழக்கை முடித்தது. கேட்பவர்களின் முகமும் சொல்லும் ஒருவரை எந்த அளவுக்கு ஊமையாக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நம் வீடுகளில் “நிதானமாப் பேசு, மூச்சு விட்டுப் பேசு” என்று பாசத்தோடு சொல்கிறோமே, அதுவும் குழந்தையின் காதில், ‘நீ பேசுகிற விதம் தப்பு’ என்றுதான் விழுகிறது.

ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர் திக்கலைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் விழுகிற திக்கல் நீருக்கு மேலே தெரிகிற சிறு முனை. கீழே கிடப்பவை வெட்கம், பயம், குற்றவுணர்வு, தவிர்ப்பு. நேர்முகத் தேர்வில் இந்த அடிப்பாறைதான் கப்பலை உடைக்கிறது. மறைத்துப் பேசுகிறவரின் மூளை ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு பக்கம் கேள்விக்குப் பதில் யோசிக்க வேண்டும். மறுபக்கம் வரப்போகும் சொற்களைச் சலித்துச் சலித்து மாற்ற வேண்டும். பதில் சுருங்குகிறது, சுற்றி வளைகிறது. சொன்னதற்கும் கேட்டதற்கும் பொருத்தம் குறைகிறது. பார்க்கிறவர், ‘இவருக்குத் தெளிவு போதாது’ என்று நினைக்கிறார்.

ஆகவே அறைக்குள் போனதும் முதல் ஒரு நிமிடத்தில், தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. “எனக்குத் திக்கல் உண்டு. சில சொற்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஏதாவது புரியலைன்னா திரும்பக் கேளுங்க.” இவ்வளவு போதும். இந்த மூன்று வாக்கியங்களையும் திக்கியபடியே சொல்லலாம், தவறில்லை. ‘மன்னிக்கணும்’ என்ற சொல் மட்டும் வேண்டாம். இது வெறும் தன்மானப் பேச்சு என்று எண்ண வேண்டாம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்ட்னி பைர்டும் அவருடைய குழுவினரும் 2017இல் இதையே சோதித்தார்கள். திக்கிப் பேசுபவர் தகவலாக முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பேசும் காணொளியைப் பார்த்தவர்கள், அவரைத் தோழமையானவர், தன்னம்பிக்கை உள்ளவர் என்று மதிப்பிட்டார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேசியபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. முன்கூட்டிச் சொல்வதால் இன்னொரு நன்மையும் உண்டு. மறைப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. மூளையின் இரண்டாவது வேலை அத்தோடு முடிந்தது.

அடுத்தது, அடைத்துக்கொண்ட சொல்லிலிருந்து வெளியே வருவது. சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கப் பேச்சு நிபுணர் கடுமையாகத் திக்கியவர். திக்கலை ஒழிக்கப் பார்ப்பதைவிட, சுலபமாகத் திக்கக் கற்றுக்கொடுப்பது நல்லது என்ற முடிவுக்கு வந்தவர். நம் பார்த்திபனின் உதட்டுக்கே திரும்புவோம். உதடு ஒட்டிவிட்டது. இயல்பாக அவர் செய்வது, இன்னும் அழுத்துவது. இறுகிய கதவை முட்டித் தள்ளுவது போல. வான் ரைப்பர் சொல்லித்தந்தது, அந்த இடத்திலேயே நின்று, ஒட்டிய உதட்டின் இறுக்கத்தை மெல்லத் தளர்த்தி, குரலைக் கசியவிட்டு, சொல்லை நீட்டியபடி வெளியே வருவது. முதல் முயற்சியைக் கைவிட்டு மறுபடி தொடக்கத்துக்கு ஓடக் கூடாது. கண்ணையும் எதிரே இருப்பவரின் முகத்திலிருந்து எடுக்கக் கூடாது. இந்தக் கடைசிச் செயல் பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரியும். அடைப்பு வரும்போது கண் தாழ்ந்தால், அறையில் இருப்பவர்களும் சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். கண் நிலைத்து நின்றால் அவர்களும் காத்திருப்பார்கள்.

வேண்டுமென்றே திக்கிப் பழகுவது இன்னொரு பயிற்சி. திக்கல் வராத இடத்தில், பயமில்லாத ஒரு சொல்லில், தானே முன்வந்து ‘த-த-தக்காளி எவ்வளவு?’ என்று மார்க்கெட்டில் கேட்பது. முதல் நாள் உடம்பெல்லாம் வியர்க்கும். கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார், அவ்வளவுதான். பத்து நாள் இப்படிப் போனால், எதற்கு ஓடி ஒளிந்துகொண்டிருந்தோமோ அது நம் கையில் இருப்பதாகத் தோன்றும். நடத்துநரிடம் ‘பல்லாவரம்’ என்றே கேளுங்கள். மருந்துக் கடைக்குத் தொலைபேசியில் பேசுங்கள். தொலைபேசியில் முகம் தெரியாததால் மௌனத்தை மறுமுனை ‘லைன் கட்’ என்று எடுத்துக்கொள்ளும். “ஹலோ, ஹலோ” என்று வைத்துவிடும். அதனால் நிறுவனங்கள் முதல் சுற்றைத் தொலைபேசியில் நடத்தும்போது, முடிந்தால் வீடியோ அழைப்பாக மாற்றித்தரும்படி முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்கலாம். எதிரே ஆளே இல்லாமல் கேமரா முன்பு இரண்டு நிமிடத்தில் பதில் பதிவு செய்யச் சொல்லும் முறை இப்போது பரவிவருகிறது. கணினியின் பேச்சுணர் மென்பொருள்கள் திக்கலைப் புரிந்துகொள்வதில் பலவீனமானவை; நீளும் ஒலியையும் மௌனத்தையும் பேச்சு முடிந்ததாகவே எடுத்துக்கொள்கின்றன. அங்கே கூடுதல் நேரம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

ஒத்திகை பார்க்க ஆள் வேண்டும். நண்பர் ஒருவரோடு, இன்னும் நல்லது, அதிகம் பழகாத இரண்டு பேரோடு. பதில்களை வரிவரியாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனப்பாடத்தில் ஒரு சொல் அடைத்தால் முழு வாக்கியமும் சரிந்துவிடும். செய்த வேலைகளில் மூன்றை எடுத்து, என்ன பிரச்சினை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று என்று கதையாகத் தெரிந்துவைத்திருந்தால் போதும். எந்தச் சொல்லில் ஆரம்பித்தாலும் கதை நகரும். மத்தியக் குடிமைப் பணித் தேர்வின் 275 மதிப்பெண் ஆளுமைத் தேர்வு போன்ற இடங்களில், விதிகள் இடம்கொடுத்தால் தாய்மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். சிலருக்குத் தமிழில் திக்கல் குறைவு, சிலருக்கு ஆங்கிலத்தில். ஒத்திகையில் இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

பெரியவர்களின் திக்கலை அடியோடு நீக்கும் மருந்து எதுவும் இதுவரை கிடையாது. ‘முழு குணம், உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கட்டாதீர்கள். பேச்சுப் பயிற்சி பலன் தரும். மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, கேட்புக் கழகம் நாட்டின் முன்னோடி. தமிழ்நாட்டிலும் பெரிய மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவை ஒட்டிப் பேச்சுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். இந்தியத் திக்கல் சங்கம் போன்ற சுய உதவிக் குழுக்களில் கட்டணம் இல்லாமல் பேசிப் பழகலாம். அங்கே போய்வந்தவர்கள் முதலில் சொல்வது, “இத்தனை வருஷம் நான் ஒருத்தன்தான்னு நெனச்சிருந்தேன்” என்பதைத்தான்.

இவ்வளவும் விண்ணப்பதாரர் செய்ய வேண்டியவை. சுமை முழுவதையும் அவர் தலையிலேயே ஏற்றிவிடுவது நியாயமில்லை. திக்கிப் பேசுபவர்களின் வருமானம் ஆண்டுக்குச் சராசரியாக 7,000 டாலருக்கும் மேல் குறைவாக இருப்பதாக 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படிப்பு, வயது போன்றவை மட்டும் அதை விளக்கிவிடவில்லை. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் உண்டு. அதற்கு எடுத்துக்காட்டாகக் குரல்வளை நீக்கத்தையும் அஃபேசியாவையும் சொல்கிறதே தவிர, திக்கலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. சேர்க்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பேச்சே தொழிலான அரசியலில், 1957இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரானார் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு. வாழ்நாள் முழுவதும் திக்கியபடியே மேடையேறினார்; மக்கள் காத்திருந்து கேட்டார்கள். “எப்போதும் திக்குவீர்களா?” என்று ஒருவர் கேட்க, “இல்லை, பேசும்போது மட்டும்” என்று அவர் பதில் சொன்னதாக இன்றும் சொல்லிவருகிறார்கள். அவர் முதலமைச்சராக இருந்தபோது கேட்டவர்களுக்கு இருந்த பொறுமை, இன்று ஒரு கணினி நிறுவனத்தின் தேர்வு அறையில் ஏன் இருக்கக் கூடாது?

நேர்முகத் தேர்வு நடத்துகிறவர்களே, உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் சொல்லை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். ‘ரிலாக்ஸ்’ என்று சொல்லாதீர்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பேரு மறந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். பார்த்திபனின் பெயர் மூன்று நொடி பிந்தித்தான் வரும். அதுவரை அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருங்கள்.